வலைக்குள் ஒரு மரம்

2002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையத்தில் கணிப்பொறிகள் திடீரென மந்தமாயின. இரத்தப் பரிசோதனையின் முடிவு மருத்துவரின் திரைக்கு வரவில்லை; மருந்துச் சீட்டு மருந்தகத்திற்குப் போய்ச் சேரவில்லை. சிறிது நேரம் சரியாகும், மறுபடி படுத்துவிடும். இப்படியே ஏறக்குறைய நான்கு நாட்கள் கழிந்தன. மருத்துவர்கள் தாளையும் பேனாவையும் கையில் எடுத்தார்கள். ஆய்வுக்கூடத்திற்கும் நோயாளிகளின் அறைகளுக்கும் இடையே ஆட்கள் காகிதங்களைச் சுமந்துகொண்டு ஓடினார்கள்.

கணிப்பொறிகள் கெட்டுப்போகவில்லை. அவற்றில் இருந்த தகவல்களும் அழியவில்லை. அவற்றை ஒன்றோடொன்று இணைத்த வலையமைப்புதான் மூச்சுத் திணறி நின்றது. வலையில் செய்திகள் ஓரிடத்தில் போய்ச் சேராமல் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியதே காரணம்.

செய்தி ஏன் சுற்ற வேண்டும்? அதைச் சுற்றவிடாமல் தடுப்பது எப்படி? ஒரு சிறிய எண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இவற்றை இங்கே பார்ப்போம்.

ஸ்விட்ச் செய்யும் வேலை

ஸ்விட்ச் என்றதும் விளக்குப் பொத்தான் நினைவுக்கு வரலாம். நாம் பேசப் போவது வேறொரு ஸ்விட்ச். கணிப்பொறி அறையின் மூலையில், வரிசையாகத் துளைகளுடன், பச்சை விளக்குகள் மினுக்க ஒரு பெட்டி இருக்குமே, அதுதான். அந்தத் துளை ஒவ்வொன்றையும் போர்ட் என்பார்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு கணிப்பொறியின் கம்பியோ, மற்றொரு ஸ்விட்சின் கம்பியோ வந்து சேரும்.

வலையில் செல்லும் செய்திகள் சிறு சிறு பொதிகளாகவே செல்கின்றன. அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி இரண்டும் ஒவ்வொரு பொதியின் மேலும் இருக்கும். பொதி எந்தப் போர்ட் வழியாக வந்தது என்பதை ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். "இந்த முகவரிக்காரர் இந்தப் பக்கம் இருக்கிறார்" என்று இப்படித்தான் அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அவருக்கு வரும் பொதியை அந்தப் போர்ட் வழியாக மட்டும் அனுப்பும்.

ஆனால் எல்லோருக்கும் பொதுவான பொதிகளும் உண்டு. "இந்த எண்ணுக்குரிய கணிப்பொறி எது? பதில் சொல்க!" என்று ஒரு கணிப்பொறி வலை முழுவதும் கேட்கும். இது ஊரில் தண்டோரா போடுவதைப் போன்றது. இத்தகைய பொதி வந்தால், அது வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகள் வழியாகவும் ஸ்விட்ச் அதன் நகலை அனுப்பிவிடும்.

சுற்றிவரும் தண்டோரா

இப்போது மூன்று ஸ்விட்சுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு அ, ஆ, இ என்று பெயரிடுவோம். அ-விலிருந்து ஆ-வுக்கு ஒரு கம்பி. ஆ-விலிருந்து இ-க்கு ஒரு கம்பி. இவை இரண்டே போதும், மூன்றும் பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் என்ன செய்வது? பாதுகாப்புக்காக அ-வையும் இ-யையும் நேரடியாக இணைத்து மூன்றாவது கம்பியையும் போடுகிறோம். முன்யோசனை நல்லதுதான். ஆனால் வினையும் இங்கேதான் தொடங்குகிறது.

அ-வுடன் இணைந்த ஒரு கணிப்பொறி தண்டோரா போடுகிறது. அ அதை ஆ-வுக்கும் இ-க்கும் அனுப்புகிறது. ஆ தனக்கு வந்ததை இ-க்கு அனுப்புகிறது. இ தனக்கு வந்ததை ஆ-வுக்கு அனுப்புகிறது. இரண்டு நகல்களும் மறுபடி அ-விடம் வருகின்றன. தான் முன்பு அனுப்பியதே திரும்பி வந்திருக்கிறது என்பது அ-வுக்குத் தெரியாது. புதுச் செய்தி என்று எண்ணி மீண்டும் அனுப்புகிறது. ஒரு நகல் வலமாகவும் மற்றொன்று இடமாகவும் ஓய்வின்றிச் சுற்றுகின்றன.

இணையத்தில் நெடுந்தூரம் செல்லும் பொதிகளுக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு நிலையத்தைக் கடக்கும்போதும் அது ஒன்று குறையும். சுழியானால் பொதி எறியப்படும். ஸ்விட்சுகளுக்கு இடையே ஓடும் ஈதர்நெட் பொதிக்கு அப்படி ஓர் ஆயுள் எண் கிடையாது. அதனால் அதற்குச் சாவும் கிடையாது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மிகச் சிறிய ஈதர்நெட் பொதி 64 பைட். அதன் முன்னால் வரும் அடையாளக் குறிகளும், அடுத்த பொதிக்கு விடவேண்டிய இடைவெளியும் சேர்ந்து 20 பைட். ஆக 84 பைட், அதாவது 672 பிட். விநாடிக்கு 10 கோடி பிட் செல்லும் கம்பியில் இத்தகைய பொதிகள் விநாடிக்கு 1,48,809 வரை செல்லலாம். ஒவ்வொரு புதுத் தண்டோராவும் மேலும் இரண்டு சாகாத நகல்களைச் சுற்றில் சேர்க்கிறது. விரைவில் கம்பி நிறைந்துவிடும். உண்மையான செய்திக்கு இடமிருக்காது. வலையிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் அந்தத் தண்டோராக்களையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதனைத் தண்டோராப் புயல் என்றே சொல்லலாம்.

மரம் என்றால் என்ன?

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படத்தைக் கணிதத்தில் கோட்டுரு என்கிறோம். எல்லாப் புள்ளிகளையும் இணைத்து, எங்கும் சுற்று இல்லாமல் அமையும் கோட்டுருவுக்கு மரம் என்று பெயர். மாமரத்தின் ஒரு கிளை நுனியிலிருந்து மற்றொரு கிளை நுனிக்கு எறும்பு செல்ல ஒரே ஒரு வழிதானே உண்டு? அதனால் வந்த பெயர் இது. ஒரு கோட்டுருவில் வேண்டாத கோடுகளை ஒதுக்கி, எல்லாப் புள்ளிகளையும் தழுவும்படி எடுக்கப்பட்ட மரத்தை ஆங்கிலத்தில் ஸ்பானிங் ட்ரீ என்பார்கள். நாம் தழுவு மரம் எனலாம். புள்ளிகள் 8 என்றால் தழுவு மரத்தில் கோடுகள் 7. எப்போதும் ஒன்று குறைவு.

ஆகவே விடை எளிது என்று தோன்றும். ஸ்விட்சுகளின் வலையிலிருந்து ஒரு தழுவு மரத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றக் கம்பிகளை மூடிவைத்தால் போதும். ஆனால் எந்த மரத்தை? நான்கு ஸ்விட்சுகள் ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடன் இணைக்கப்பட்டிருந்தால் 16 தழுவு மரங்கள் உண்டு. பத்து ஸ்விட்சுகள் என்றால் 10 கோடி! இதற்கான வாய்பாட்டை ஆர்தர் கேலி என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1889ஆம் ஆண்டில் தந்தார். இத்தனை மரங்களுள் ஒரே மரத்தை எல்லா ஸ்விட்சுகளும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலை முழுவதையும் மேலிருந்து பார்க்கும் தலைவர் யாரும் இல்லை. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தெரிந்தது தன் பக்கத்து வீட்டாரை மட்டுமே!

இந்தப் புதிரை விடுவித்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1951ஆம் ஆண்டு பிறந்த இவர், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் பணியாற்றிவந்தார். அவருடைய மேலாளர், தாம் ஒரு வார விடுமுறைக்குச் செல்லும் முன் இந்தச் சிக்கலை அவரிடம் கொடுத்தார். ஒரு நிபந்தனையும் இருந்தது: வலை எவ்வளவு பெரிதானாலும், ஒரு பெட்டி நினைவில் வைக்க வேண்டிய தகவலின் அளவு கூடக் கூடாது. ஓரிரு நாட்களில் வேலை முடிந்துவிட்டதாகவும், வாரத்தின் மீதி நாட்களில் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதியதாகவும் பெர்ல்மன் பின்னாளில் கூறியிருக்கிறார். 1985ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்திலேயே அந்தக் கவிதை இடம்பெற்றது. 1990ஆம் ஆண்டு இம்முறை உலகப் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது.

நான்கு எண்களின் ஒப்பீடு

பெர்ல்மனின் முறையில் ஸ்விட்சுகள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை தம் பக்கத்து ஸ்விட்சுகளுக்கு ஒரு சிறு அறிவிப்பை அனுப்புகின்றன. அதில் முக்கியமானவை நான்கு எண்கள்:

1. வேர் ஸ்விட்ச் என்று நான் நம்புவதன் எண்
2. அந்த வேர் வரை எனக்கு ஆகும் செலவு
3. என்னுடைய எண்
4. இந்த அறிவிப்பு எந்தப் போர்ட் வழியாக வெளியே வருகிறதோ, அந்தப் போர்ட்டின் எண்

விதி ஒன்றே: சிறிய எண்ணே சிறந்தது. அகராதியில் சொற்களை எப்படி வரிசைப்படுத்துகிறோம்? முதல் எழுத்தைப் பார்க்கிறோம். அது ஒன்றாக இருந்தால் இரண்டாம் எழுத்து. அதுவும் ஒன்றானால் மூன்றாவது. இந்த நான்கு எண்களையும் ஸ்விட்ச் அப்படியே ஒப்பிடுகிறது.

தொடக்கத்தில் ஒவ்வொரு ஸ்விட்சும் "நானே வேர்" என்கிறது. தன்னைவிடச் சிறிய எண்ணுடைய ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் தன் உரிமையை விட்டுவிட்டு, "அவரே வேர்" என்று அடுத்தவருக்குச் சொல்கிறது. சற்று நேரத்தில் வலை முழுவதும் ஒரே வேரை ஒப்புக்கொள்கிறது. ஸ்விட்சின் எண்ணில் முதற்பகுதி நாம் மாற்றக்கூடிய முன்னுரிமை. மாற்றாவிட்டால் அது 32768. பிற்பகுதி தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட முகவரி. மனிதர் எவரும் முன்னுரிமையைத் தொடாவிட்டால், முகவரி சிறியதாக உள்ள பெட்டி வேராகிவிடும். ஒரே நிறுவனத்தின் பெட்டிகளில் அது பெரும்பாலும் பழைய பெட்டியாகவே இருக்கும்!

அடுத்தது செலவு. விநாடிக்கு 10 கோடி பிட் செல்லும் கம்பிக்குச் செலவு 19. ஒரு கோடி பிட் மட்டுமே செல்லும் மெதுவான கம்பிக்கு 100. நூறு கோடி பிட் செல்லும் கம்பிக்கு 4. நம் முக்கோணத்தில் அ வேராகிவிட்டது என்போம். அ–இ நேர்க்கம்பி மெதுவானதாக இருந்து, மற்ற இரண்டும் வேகமானவையாக இருந்தால், இ என்ன செய்யும்? நேராகப் போனால் 100; ஆ வழியாகச் சுற்றிப் போனால் 19 + 19 = 38. ஆகவே அது ஆ வழியையே தேர்ந்தெடுத்து, நேர்வழியை மூடிவிடும்.

மூடுவது என்றால் கம்பியை வெட்டுவது அன்று. மூடிய போர்ட்டுக்கு வாய் அடைபட்டிருக்கும். காது திறந்தே இருக்கும். பக்கத்து ஸ்விட்சின் அறிவிப்புகளை அது கேட்டுக்கொண்டே இருக்கும். தொலைவில் எங்கோ ஒரு கம்பி அறுந்து, 20 விநாடிகள் அறிவிப்பு வராவிட்டால், மாற்றுவழியைத் திறக்க அது ஆயத்தமாகும். உடனே திறந்துவிடாது. 15 விநாடி செவிமடுக்கும். மேலும் 15 விநாடி முகவரிகளைக் கற்கும். பிறகே பொதிகளைக் கடத்தும். ஆக 50 விநாடிகள். அந்த நேரம் நீண்டது என்று கருதப்பட்டதால், 2001ஆம் ஆண்டில் விரைவு முறை ஒன்று வகுக்கப்பட்டது. பெரும்பாலான தடங்கல்களில் அது ஓரிரு விநாடிக்குள் வழியை மாற்றிவிடும்.

எதிர்வீட்டார் கையில் உள்ள எண்

இனி நான்காவது எண்ணுக்கு வருவோம். முதல் மூன்று எண்களும் சமமாக இருக்கும் நிலை வருமா? வரும். வேராகிய அ-வுக்கும், ஆ-வுக்கும் இடையே ஒரே வேகமுள்ள இரண்டு கம்பிகள் போடப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பிகளிலும் வேர் ஒன்றே, செலவு ஒன்றே, அனுப்புபவரும் ஒருவரே. இங்கே முடிவு எடுக்கப்படாவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் திறந்திருந்தால் சுற்று உண்டாகும். இரண்டும் மூடினால் தொடர்பே அறும். ஆகவே சமநிலையை உடைத்தே தீர வேண்டும். அதற்குத்தான் போர்ட்டின் எண்.

போர்ட்டின் எண்ணிலும் இரண்டு பகுதிகள் உண்டு. முன்னால் முன்னுரிமை, பின்னால் வரிசை எண். முன்னுரிமை வழக்கமாக 128. ஆகவே அ-வின் முதல் போர்ட் 128.1 என்றும், இரண்டாவது 128.2 என்றும் தம்மை அறிவிக்கும். 128.1 சிறியது. எனவே ஆ முதல் கம்பியை ஏற்று, இரண்டாவதை மூடிவிடும்.

நமக்கோ இரண்டாவது கம்பிதான் வேண்டும். முதல் கம்பி செல்லும் சுவரை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று கொள்வோம். என்ன செய்யலாம்? மூடிக்கொண்டிருப்பது ஆ-வின் போர்ட்; ஆகவே ஆ-வுக்குச் சென்று அந்தப் போர்ட்டின் முன்னுரிமையைக் குறைக்கலாம் என்றே எவருக்கும் தோன்றும். செய்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது! வலையமைப்பைக் கற்கத் தொடங்கும் பலர் தடுக்கி விழும் இடம் இது.

காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். மேலே உள்ள பட்டியலின் நான்காவது வரியை மறுபடி படியுங்கள். அறிவிப்பில் வருவது அனுப்புபவருடைய போர்ட்டின் எண். ஆ ஒப்பிட்டுப் பார்ப்பது அ சொல்லி அனுப்பிய எண்களையே. தன் போர்ட்டின் எண்களை அன்று. ஆகவே அ-வுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே இரண்டாவது போர்ட்டின் முன்னுரிமையை 112 என்று மாற்றினால், அது 112.2 என்று அறிவிக்கும். 128.1-ஐவிட இது சிறியது. உடனே ஆ இரண்டாவது கம்பியை ஏற்று, முதல் கம்பியை மூடிவிடும்.

செலவின் கதை இதற்கு நேர்மாறானது. அறிவிப்பைப் பெறும் ஸ்விட்ச் தன் போர்ட்டின் செலவைத் தானே கூட்டிக்கொள்கிறது. ஆகவே ஆ-வில் முதல் போர்ட்டின் செலவை உயர்த்தினாலும் இதே பயன் கிடைக்கும். சுருங்கச் சொன்னால், செலவு நம் கையில். போர்ட் முன்னுரிமை எதிர்வீட்டார் கையில்.

ஏன் 112? 127 என்று கொடுக்கக் கூடாதா? இன்றைய ஸ்விட்சுகள் அதை ஏற்பதில்லை. போர்ட்டின் எண் மொத்தம் 16 பிட். தொடக்கத்தில் அதில் 8 பிட் முன்னுரிமைக்கும் 8 பிட் வரிசை எண்ணுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. 8 பிட்டில் 255 போர்ட்டுகளுக்குமேல் எண்ணிட முடியாது. பெரிய ஸ்விட்சுகள் வந்தபோது இது போதவில்லை. முன்னுரிமையிலிருந்து கீழ்நிலை 4 பிட்டுகளை எடுத்து வரிசை எண்ணுக்குக் கொடுத்தார்கள். முன்னுரிமைக்கு மிஞ்சியவை மேல்நிலை 4 பிட்டுகள். அவற்றுள் மிகச் சிறியதன் மதிப்பு 16. அதனால்தான் முன்னுரிமை 0, 16, 32 என்று தொடங்கி 240 வரை 16இன் மடங்குகளாகவே தாவிச் செல்கிறது. இரும எண் முறையைப் படித்தவர்கள் இதைத் தாளில் எழுதிச் சரிபார்க்கலாம்.

இந்தச் சிறு எண்ணால் மற்றொரு பயனும் உண்டு. ஒரே கம்பியில் பல தனித்தனி வலைகளை ஓட்டும் வி-லேன் என்ற முறை இருக்கிறது. சில ஸ்விட்சுகள் ஒவ்வொரு வி-லேனுக்கும் தனித்தனி மரம் அமைக்கும். பாதி வி-லேன்களுக்கு முதல் போர்ட்டையும், மீதிப் பாதிக்கு இரண்டாவது போர்ட்டையும் முன்னுரிமைப்படுத்தினால், இரண்டு கம்பிகளுமே உழைக்கும். ஒன்று அறுந்தால் மற்றது முழுச் சுமையையும் ஏற்கும்.

செய்து பாருங்கள்

எட்டு மாணவர்கள் தனித்தனியே நின்றுகொள்ளுங்கள். அவரவர் வருகைப்பதிவு எண்ணே அவரவர் எண். உங்களுக்கிடையே பன்னிரண்டு நூல்களை விருப்பம்போல் கட்டுங்கள்; எவரும் தனித்துப் போய்விடக் கூடாது. ஒருவர் கைதட்டும்போதெல்லாம், நூலால் இணைந்த நண்பர்களுக்கு மட்டும் ஒரு துண்டுச்சீட்டுக் கொடுங்கள். நீங்கள் அறிந்த மிகச் சிறிய எண், அதுவரை உள்ள நூல்களின் எண்ணிக்கை, உங்கள் எண் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். சில கைதட்டல்களுக்குப் பிறகு சீட்டுகளில் மாற்றம் நின்றுவிடும். வேரானவரைத் தவிர மற்ற ஒவ்வொருவரும், தமக்கு வந்தவற்றுள் மிகச் சிறந்த சீட்டு வந்த நூலை மட்டும் இறுகப் பிடியுங்கள். எவரும் பிடிக்காத நூல்களைத் தரையில் விடுங்கள். எஞ்சியவற்றை எண்ணிப் பாருங்கள், ஏழு இருக்கும். யாரும் கட்டளையிடாமல் உங்களுக்குள் ஒரு மரம் முளைத்திருக்கும்!

மருத்துவமனை கற்ற பாடம்

இவ்வளவு சிறந்த முறை இருந்தும் பாஸ்டன் மருத்துவமனையில் ஏன் புயல் வீசியது? மூடிய போர்ட்டின் காதை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு கேட்காவிட்டால், அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எண்ணி அது வழியைத் திறந்துவிடும். அறிவிப்பு வராததற்குக் கம்பி அறுந்ததுதான் காரணம் என்பதில்லை. நெரிசலில் அறிவிப்பே தொலைந்துபோயிருக்கலாம். அப்போது திறக்கக் கூடாத வழி திறக்கிறது, சுற்று உண்டாகிறது, நெரிசல் மிகுகிறது, மேலும் பல அறிவிப்புகள் தொலைகின்றன.

அறிவிப்புகள் காலத்தோடு சேர வேண்டும் என்பதற்காகவே, வலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஏழு ஸ்விட்சுகளுக்குமேல் இருக்கலாகாது என்று தரவிதி வரம்பிட்டிருந்தது. அந்த மருத்துவமனையின் வலை ஆண்டுதோறும் ஒட்டுப்போட்டு வளர்ந்து, வரம்பைத் தாண்டிவிட்டிருந்தது.  வழக்கத்துக்கு மீறிய சுமை ஒன்று வந்ததும் மரம் குலைந்தது. பிறகு அந்த வலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் திருத்தி அமைத்தார்கள். அங்கே கணிப்பொறித் துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியில் சொன்னார். மற்ற மருத்துவமனைகளும் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது.

பெர்ல்மனும் தம் முறையோடு நின்றுவிடவில்லை. மூடிவைத்த கம்பிகள் வீணாகின்றனவே என்று எண்ணி, எல்லா வழிகளையும் பயன்படுத்தும் ட்ரில் என்ற புதிய முறைக்கு 2004ஆம் ஆண்டில் அவரே வித்திட்டார். எனினும், தழுவு மரம் இன்றும் எண்ணற்ற அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஓசையின்றிக் காவல் காத்துவருகிறது.

ஸ்விட்சுகள் எப்படியும் ஒரு முடிவுக்கு வந்துவிடும். நாம் எண்ணைக் கொடுக்காவிட்டால், தொழிற்சாலையில் பொறித்த எண்ணும் போர்ட்டின் வரிசை எண்ணும் நமக்காக முடிவெடுத்துவிடும். அந்த முடிவு நமக்கு ஏற்றதா என்பதை அவை அறியா. வலையைத் தாளில் வரைந்து, வேர் எது, மூடிய வழி எது என்று குறித்து, வேண்டிய எண்ணை வேண்டிய பக்கத்தில் இடுவது மனிதரின் வேலை. அடுத்த முறை கணிப்பொறி அறைக்குச் செல்லும்போது, மூலையில் இருக்கும் அந்தப் பெட்டியைச் சற்று நின்று பாருங்கள். அதிலிருந்து புறப்படும் கம்பிகள் எங்கெங்கே போகின்றன என்று ஒரு படம் வரைய முடியுமா?